1/72 (நிஜத்துல 72ல ஒரு பங்கு அளவு) மிக்-21 மாடல்: மேட் வார்னிஷ் அடிச்சதும் முழுக்க வெள்ளை பூத்துடுச்சு. காப்பாத்த வழி இருக்கா?

டியூப்லைட் (சென்னை)

வணக்கம். இது எனக்கு மூணாவது பிளாஸ்டிக் மாடல் கிட்தான், அதனால கேள்வி சின்னப்புள்ளத்தனமா இருந்தா பொறுத்துக்கோங்க.

அப்பா விமானப்படையில ஏர்ஃப்ரேம் ஃபிட்டரா (விமானத்தோட உடம்பைப் பராமரிக்கிற வேலை) இருந்தவர். மிக்-21ஓட பிஸ் ரகத்துல, அவங்க பாஷையில "டைப் 75"ல, பத்து வருஷத்துக்கு மேல கை வெச்சவர். 2025 செப்டம்பர் 26 அன்னைக்கு சண்டிகர்ல அந்த விமானத்துக்கு விடைகொடுத்ததை டிவியில பார்த்துட்டு ரெண்டு நாள் சரியா பேசவே இல்ல. அவரோட எழுபதாவது பிறந்தநாளுக்கு ஒண்ணு செஞ்சு கொடுக்கலாம்னு ஆரம்பிச்சேன். இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கு.

ஒட்டினது, உப்புத்தாள் போட்டது, சாம்பல் பெயின்ட் (அக்ரிலிக், பிரஷ்ல) எல்லாம் நல்லாத்தான் வந்துச்சு. டெக்கால் (நம்பர், வட்டம் அச்சடிச்ச மெல்லிசான ஸ்டிக்கர்) ஒட்டிட்டு நேத்து சாயங்காலம் மொட்டை மாடியில கேன் ஸ்ப்ரே மேட் (மினுக்கமில்லாத) வார்னிஷ் அடிச்சேன். காலையில பார்த்தா விபூதி பூசின மாதிரி இருக்கு. டெக்கால் ஓரமெல்லாம் வெள்ளி மாதிரி மினுங்குது. கேனபி (காக்பிட் மூடி) கண்ணாடியிலயும் பனி மாதிரி. எல்லாத்துக்கும் வார்னிஷ்தான் காரணமா? மொத்தமா சுரண்டிட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கணுமா?

கோவைக்காரன்

நெயில் பாலிஷ் ரிமூவர்ல பஞ்சை நனைச்சு லேசா துடைச்சா வார்னிஷ் மட்டும் வந்துடும்.

உப்புத்தாள்

ஐயோ, வேண்டாம் தம்பி! பாட்டிலை மூடி வைங்க. ரிமூவர்ல இருக்கிற அசிட்டோன் கிட்டோட பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனையே கரைச்சிடும். பேனல் கோடெல்லாம் மெழுகு மாதிரி உருகிப் போகும்.

முதல்ல ரெண்டு விஷயம் சொல்லுங்க. மாடியில அடிச்சப்போ மழை ஈரம் இருந்துச்சா? டெக்காலை நேரா மேட் பெயின்ட் மேலேயே ஒட்டினீங்களா, இடையில க்ளாஸ் (மினுக்கமான) வார்னிஷ் அடிச்சீங்களா?

அப்புறம் ஒரு சோதனை. விரலைத் தண்ணியில தொட்டு வெள்ளை பூத்த ஒரு இடத்துல தடவுங்க. டெக்கால் ஓரத்துலயும் தடவுங்க. ஈரமா இருக்கிறப்போ எது மறையுது, எது மறையலன்னு எழுதுங்க.

டியூப்லைட்

மழை அப்பதான் விட்டிருந்துச்சு. தரை காயல. க்ளாஸ் அடிக்கல அண்ணா, கடைசியில மேட்தானே வரணும்னு விட்டுட்டேன்.

சோதனை பண்ணிட்டேன். இறக்கை மேல தண்ணி பட்டதும் சாம்பல் கலர் பளிச்சுன்னு திரும்பி வந்துச்சு! காஞ்சதும் மறுபடி வெள்ளை. டெக்கால் ஓரத்துல எத்தனை தண்ணி தடவினாலும் மினுக்கம் போகல.

உப்புத்தாள்

அப்போ சுரண்ட வேண்டாம். உங்ககிட்ட இருக்கிறது ஒரு வெள்ளை இல்ல, மூணு வெள்ளை. மூணுக்கும் காரணம் வேற வேற.

இறக்கையில இருக்கிறது வார்னிஷ் வெள்ளை. ஸ்ப்ரேயில இருக்கிற கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு சட்டுனு குளிர்ந்துடும். காத்துல இருக்கிற ஈரம் அது மேல படிஞ்சு மாட்டிக்கும். மேட் வார்னிஷ்ல மினுக்கத்தைக் குறைக்கப் போடுற பொடியும் கனமா அடிச்சா வெள்ளையா நிக்கும். ரெண்டுமே மேல்பரப்பு சமாச்சாரம், அதனாலதான் தண்ணி பட்டதும் மறைஞ்சுது. இதுக்கு மேல ஒரு க்ளாஸ் பூசினா தண்ணி செஞ்ச வேலையை அது நிரந்தரமா செஞ்சிடும்.

டெக்கால்ல இருக்கிறது காத்து. மேட் பெயின்ட் உப்புத்தாள் மாதிரி மேடு பள்ளமா இருக்கும். பள்ளத்துல காத்து சிக்கிக்கிட்டு கண்ணாடிப் படலத்துக்குக் கீழ மினுங்குது. வால்ல இருக்கிற நம்பரைச் சுத்தி அதிகமா தெரியுமே? அங்கதான் வெறும் படலம் இருக்கு. காவி, வெள்ளை, பச்சை வட்டத்துல அவ்வளவா தெரியாது, மை மறைச்சிடும்.

கேனபிக்கு வருவோம். எதை வெச்சு ஒட்டினீங்க?

டியூப்லைட்

சூப்பர் க்ளூ. தப்பா?

உப்புத்தாள்

நாங்க எல்லாரும் ஒரு தடவை பண்ணின தப்பு. சூப்பர் க்ளூ இறுகும்போது கிளம்புற ஆவி பக்கத்துல இருக்கிற கண்ணாடியில வெள்ளையா படியும். காக்பிட் மூடின டப்பா இல்லையா, ஆவி போக வழியில்லாம உள்பக்கமே படிஞ்சிருக்கும். வெளியில என்ன பூசினாலும் போகாது. கேனபியைக் கழட்டித்தான் ஆகணும்.

ஒட்டுப்பசை (மதுரை)

கழட்ட ஒரு வழி சொல்றேன். மாடலை ஜிப் கவர்ல போட்டு ராத்திரி முழுக்க ஃப்ரீஸர்ல வைங்க. குளிர்ல சூப்பர் க்ளூ கண்ணாடி மாதிரி நொறுங்கற தன்மைக்கு வந்துடும். எடுத்த உடனே ஓரத்துல பிளேடு முனையை வெச்சு லேசா நெம்புங்க. அவசரப்பட்டா கேனபி விரிசல் விடும், என்னோடது விட்டுச்சு.

உள்பக்கம் படிஞ்சதை வெள்ளை டூத்பேஸ்ட்டும் பட்ஸும் வெச்சுப் பொறுமையா தேய்ச்சு எடுக்கலாம். ஜெல் பேஸ்ட் வேண்டாம். மறுபடி ஒட்ட ஃபெவிகால் போதும். காஞ்சா கண்ணாடியா ஆயிடும், ஆவியும் வராது. பிஸ்ல கேனபி வலப்பக்கமா சாய்ஞ்சுதான் திறக்கும், திறந்த மாதிரி ஒட்டினா அப்பா காக்பிட்டையும் பார்க்கலாம்.

குளிர்தேசத்தான் (ரொறன்ரோ)

நானும் உதே பிழை விட்டனான். ஒண்டு மட்டும் சொல்லுறன். இனி கான் ஸ்ப்ரே அடிக்க முன்னம் கானை இளஞ்சூட்டுத் தண்ணியில ஒரு அஞ்சு நிமிசம் வையுங்கோ. கொதிதண்ணி கூடவே கூடாது, கான் வெடிச்சிடும். உள்ளுக்கை அழுத்தம் கூடிச் சீராத் தெளிக்கும். மறக்காம நல்லாக் குலுக்குங்கோ, அந்தப் பொடி அடியில போய்த் தங்கியிருக்கும்.

உப்புத்தாள்

ரெண்டுமே நல்ல யோசனை. தம்பி, வரிசை முக்கியம். முதல்ல கேனபியைக் கழட்டுங்க, காக்பிட்டுக்குள்ள பஞ்சு வெச்சு அடைங்க. அடுத்து டெக்கால். மேல ஏற்கெனவே வார்னிஷ் ஏறிடுச்சு, அதனால மைக்ரோ சோல் (டெக்காலை இளக்கிப் படிய வைக்கிற திரவம்) சும்மா தடவினா உள்ளே போகாது. இன்சுலின் ஊசி முனையால மினுங்குற இடத்துல புள்ளி புள்ளியா குத்துங்க, கோலப்புள்ளி மாதிரி நெருக்கமா. மேல மைக்ரோ சோல் ஒரு சொட்டு. படலம் சுருங்கற மாதிரி பயமுறுத்தும், கை வைக்காதீங்க, தானா படிஞ்சிடும். ரெண்டு மூணு தடவை பண்ண வேண்டியிருக்கும்.

அது காஞ்சப்புறம் டாமியா எக்ஸ்-22 க்ளாஸை எக்ஸ்-20ஏ தின்னர்ல கலந்து அகலமான மென் பிரஷ்ல மெல்லிசா பூசுங்க. ஒரே இடத்துல திரும்பத் திரும்ப இழுக்காதீங்க. ஒரு நாள் முழுக்க காயட்டும். அப்புறம்தான் மேட். வெயில் அடிக்கிற நாள்ல பதினொண்ணுலேருந்து மூணு மணிக்குள்ள, ஒரு சாண் தூரத்துல, தூறல் மாதிரி ரெண்டு கை. மழை நாள்ல தொடவே தொடாதீங்க. க்ளாஸோடவே கொடுத்தாலும் அப்பா கோவிச்சுக்க மாட்டார்.

டியூப்லைட்

அஞ்சு நாள் கழிச்சு வர்றேன்.

கேனபி பிரிஞ்சு வந்துடுச்சு! பின் ஓரத்துல மட்டும் கடுகளவு சில்லு. திறந்த மாதிரி ஒட்டினதால சீட்டுக்குப் பின்னால மறைஞ்சு போச்சு. அம்மாதான் துருவின தேங்காய் டப்பா பக்கத்துல ஜெட் விமானத்தைப் பார்த்துட்டு "இனிமே இதுக்கும் சேர்த்தா நான் ஃப்ரிட்ஜ் துடைக்கணும்?"னு கேட்டாங்க.

வால் நம்பர்ல மினுக்கம் முக்கால்வாசி போயிடுச்சு. இடது இறக்கையில ஒரு இடம் அடம்பிடிக்குது, டியூப்லைட்டுக்குக் கீழ சாய்ச்சுப் பார்த்தா மட்டும் தெரியும், விட்டுட்டேன். க்ளாஸ் பூசினப்போதான் அண்ணா மனசு நிம்மதியாச்சு. பிரஷ் போன வழியெல்லாம் வெள்ளை அழிஞ்சு சாம்பல் வந்துக்கிட்டே இருந்துச்சு. இறக்கை உடம்போட சேர்ற மூலையில மட்டும் கொஞ்சம் நிக்குது, அங்க வார்னிஷ் தேங்கியிருந்துச்சு போல.

ஆனா ரகசியம் உடைஞ்சுது. காயவெச்சிருந்ததை அப்பா பார்த்துட்டார். பத்து சென்டிமீட்டர் இறக்கையைக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளையைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. மூக்கு மேல இருக்கிற பிடாட் குழாயை (வேகம் அளக்க உதவுற நீட்டுக் குழாய்) காட்டி, "நடுவுல வெச்சிருக்கியே, பிஸ்ல இது வலப்பக்கம் கொஞ்சம் தள்ளியில்ல இருக்கும்?"னார். கிட்ல வந்த துளையை நான்தான் புட்டி போட்டு அடைச்சுட்டு, சரியில்லன்னு நினைச்சு நடுவுல ஒட்டினேன்.

இப்போ வெட்டினா மூக்குல தழும்பு விழுமா?

உப்புத்தாள்

விழாது. வெட்டுங்க. பழைய இடத்தை 1000, அப்புறம் 2000 நம்பர் வாட்டர் பேப்பர்ல தேய்ச்சு அங்க மட்டும் சாம்பல் தொடுங்க. பிளாஸ்டிக் குழாய் வேண்டாம், அந்த இன்சுலின் ஊசியையே முனை தேய்ச்சு மழுக்கி வைங்க, உடையாது. துளை எங்க போடணும்னு அப்பாவையே பென்சில்ல குறிக்கச் சொல்லுங்க.