இரைச்சல் மிகுந்த விண்மீன் அளவீடுகளை அச்சில் எப்படிக் காட்டுவது?

கேள்வி (மண்டபம், பள்ளி ஆசிரியை)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மாணவர்கள் கழுகு மண்டலத்திலுள்ள ஈட்டா அக்குயிலே என்னும் செபீடு விண்மீனைப் (சீரான கால இடைவெளியில் ஒளி கூடிக் குறையும் வகை) பெரும்பாலும் சனிக்கிழமை இரவுகளிலும், இடையிடையே விடுமுறை நாள்களிலும் கடற்கரையிலிருந்து கேமராவில் படமெடுத்து, அருகிலுள்ள பீட்டா அக்குயிலேயுடன் ஒப்பிட்டு அதன் ஒளிப்பொலிவெண்ணை (ஒளி மிகுந்தால் குறையும் எண்) அளந்திருக்கிறார்கள். கச்சான் காற்று முக்காலியை ஆட்டுவதாலும், கடலோர ஈரப்பதத்தாலும் ஒரே இரவின் அளவுகள்கூட 0.1 வரை சிதறுகின்றன. விண்மீனின் மொத்த மாற்றமே ஏறத்தாழ 0.8 தான். இதை ஓர் அறிவியல் இதழுக்கு அனுப்ப இருக்கிறோம். நகரும் சராசரி (அடுத்தடுத்த சில அளவுகளின் சராசரியை வரிசையாக நகர்த்திக் காண்பது) எடுத்து வளைகோடாக வரைந்தால் படம் அழகாக வருகிறது. புள்ளிகளை அப்படியே இட்டால் கொசுக்கூட்டம்போல் இருக்கிறது. எதை அச்சிடுவது முறை?

மறுமொழி (கீழக்கரை)

புள்ளிகளை மறைக்க வேண்டாம், அம்மா. விண்மீன் திரள்களின் தூரத்தையும் அவை விலகும் வேகத்தையும் ஒப்பிட்டு 1929இல் வானியலாளர் எட்வின் ஹபிள் வெளியிட்ட வரைபடத்தில் 24 விண்மீன் திரள்களும் தனித்தனிக் கரும்புள்ளிகளாகவும், அவற்றை 9 குழுக்களாகத் தொகுத்த மதிப்புகள் வெற்று வட்டங்களாகவும் ஒரே சட்டத்துக்குள் இருக்கின்றன. இரண்டுக்கும் வெவ்வேறு கோடுகள். சிதறல் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது, அதனால் படத்தின் மதிப்பு குறையவில்லை. (அவர் கண்ட பேரண்ட விரிவு வீதம் இன்றைய மதிப்பைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு. அதற்குக் காரணம் சிதறல் அன்று. தூர அளவுகோலே பிழையாக இருந்தது.)

நீங்களும் மூல அளவுகளைச் சிறிய வெளிர்புள்ளிகளாகவும், சராசரிகளைப் பிழைக்கோடுகளுடன் (மதிப்பு எவ்வளவு பிறழலாம் என்று காட்டும் சிறு கோடுகள்) பெரிய புள்ளிகளாகவும் இடலாம். நகரும் சராசரியை நான் தவிர்ப்பேன். அதில் அடுத்தடுத்த மதிப்புகள் ஒரே அளவீடுகளைப் பகிர்ந்துகொள்வதால், தரவுக்கு இல்லாத சீர்மை கோட்டுக்கு வந்துவிடுகிறது. மேலும், இந்த விண்மீனின் ஒளி மங்கிவரும் பகுதியில் சிறு புடைப்பு ஒன்று உண்டு. ஏறத்தாழ ஏழு நாள் காலவட்டமுள்ள செபீடுகளுக்கு அது இயல்பு. அகலமான சராசரி அதை அழித்துவிடும். குறுகிய சராசரியோ இரைச்சலிலிருந்தே இல்லாத புடைப்பை உருவாக்கக்கூடும்.

மறுமொழி (தொண்டி)

முந்தைய மறுமொழியை ஏற்கிறேன். ஆனால் எனக்குப் பெரிய கவலை அந்தச் சனிக்கிழமைகள்தான். காலவட்டம் 7.177 நாள், ஆகவே வாரம் ஒருமுறை பார்ப்பவர் சுழற்சியின் ஏறக்குறைய அதே கட்டத்தையே, வாரத்துக்கு இரண்டரை விழுக்காடு மட்டும் விலகி, திரும்பத் திரும்பப் பார்க்கிறார். இரண்டு மாதச் சனிக்கிழமைகள் சேர்ந்தாலும் சுழற்சியில் ஐந்தில் ஒரு பங்குதான் தேறும். மற்ற கட்டங்களில் ஓரிரு இரவுகளின் அளவுகளே இருக்குமானால், உங்கள் அழகான வளைகோடு அங்கே வெற்றிடத்தின் மீது செல்கிறது. அந்த இடைவெளிகளைக் கோட்டால் இணைக்காமல் விட்டுவிடுங்கள்.

பிழைக்கோட்டிலும் கவனம் தேவை. ஓரிரவில் நூறு படம் எடுத்துச் சராசரி கண்டால் பிழை பத்தில் ஒன்றாகும் என்பது தற்செயல் பிழைக்கு மட்டுமே பொருந்தும். அன்று முழுதும் மெல்லிய மூட்டம் இரு விண்மீன்களையும் வெவ்வேறு அளவில் மங்கவைத்திருந்தால், நூறு படங்களும் ஒரே பக்கமாகவே தவறும். எனவே இரவுக்கு ஒரு சராசரி என வைத்து, ஒரே கட்டத்தில் விழும் வெவ்வேறு இரவுகள் தமக்குள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதிலிருந்து பிழையைக் கணக்கிடுங்கள். அதற்கு மட்டும் உங்கள் சனிக்கிழமைகள் உதவும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. வடகிழக்குப் பருவமழை தொடங்கும்முன் புதன்கிழமைகளிலும் படமெடுக்கத் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். ஒரே ஓர் ஐயம்: இதழ் கருப்பு வெள்ளையில்தான் வருகிறது, வெளிர்சாம்பல் அச்சில் தெரியுமா?

மறுமொழி (கீழக்கரை)

நம்ப முடியாது. தனி அளவுகளுக்குச் சிறிய வெற்று வட்டமும், இரவுச் சராசரிக்கு நிரப்பிய பெரிய வட்டமும் இடுங்கள். ஒளி மிகுந்த பக்கம் மேலே வருமாறு, சிறிய எண் உச்சியில் அமையட்டும். சுழற்சியை இருமுறை அடுத்தடுத்து வரைந்தால், இரண்டாவது பாதி முதற்பாதியின் நகலே என்று படக்குறிப்பில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வாசகர் அளவீடுகளை இரட்டிப்பாக எண்ணிவிடுவார்.