‘பூட் ஆகவில்லை’ என்பதற்கு ‘எழவில்லை’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய கணினிகளைப் பழுதுபார்க்கும் கையேட்டின் வரைவைப் படித்தேன். ‘கணினி தொடங்காவிட்டால்’ என்ற தலைப்பின் கீழ் மின்வழங்கி, நினைவகம், வன்தட்டு மூன்றும் ஒரே குவியலாகக் கிடக்கின்றன. எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். பொத்தானை அழுத்துவதையும் தொடக்கம் என்கிறோம், பயோஸ் (தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் தொடக்க நிரல்) வேலை செய்வதையும் தொடக்கம் என்கிறோம், இயங்குதளம் மேலேறுவதையும் தொடக்கம் என்கிறோம். பிறகு எந்தத் தொடக்கம் நின்றுபோனது என்று வாசகர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

பழுதுபார்ப்பவருக்கு அதுதான் முதல் கேள்வி. விசிறியே சுழலாத கணினிக்கும், விசிறி சுழன்றும் திரை கறுத்தே கிடக்கும் கணினிக்கும், திரையில் எழுத்து வந்தபின் ‘இயங்குதளம் இல்லை’ என்று நின்றுவிடும் கணினிக்கும் வைத்தியம் வேறு வேறு.

முதல் வகையில் சொற்சிக்கல் இல்லை. ‘மின்சாரம் ஏறவில்லை’ என்றால் எல்லோருக்கும் புரியும். ஒரு நுட்பம் மட்டும் உண்டு. தன் வெளியீடுகள் நிலைப்பட்ட பிறகுதான் மின்வழங்கி தாய்ப்பலகைக்கு ‘பவர் குட்’ என்ற குறிகையை அனுப்பும். அதுவரை செயலி வேலையைத் தொடங்காது. மின்வழங்கியிலிருந்து வரும் 12 வோல்ட் தடம் 11.4-க்கும் 12.6-க்கும் இடையிலும், 5 வோல்ட் தடம் 4.75-க்கும் 5.25-க்கும் இடையிலும் இருக்க வேண்டும். விசிறி சுழல்வதை மட்டும் பார்த்து மின்வழங்கி நலம் என்று முடிவுகட்டுவது தவறு. இந்தக் குறிகைக்கு ‘மின்னலம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ‘மின்னல்’ என்று படித்துவிடாதபடி ‘மின்நலக் குறிகை’ என்று பிரித்தே எழுதுவோம்.

இரண்டாவது, ‘போஸ்ட்’ (பவர்-ஆன் செல்ஃப்-டெஸ்ட்). மின்சாரம் வந்ததும் நினைவகம், காட்சி அட்டை, விசைப்பலகை ஆகியவற்றை பயோஸ் தானே சோதிக்கும் கட்டம். ‘தன்சோதனை’யா ‘தற்சோதனை’யா என்று போன வாரம் நீண்ட வாதம் நடந்தது. தற்காப்பு, தற்செயல், தற்கொலை என்று வழக்கம் தெளிவாக இருக்கும்போது ‘தற்சோதனை’யில் தயங்க ஒன்றுமில்லை. திரை உயிர்பெறும் முன்பே இந்தச் சோதனை நடப்பதால்தான் பழுதை ஒலியால் சொல்கிறார்கள். அவார்டு பயோஸில் ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் காட்சிச் சிக்கலைக் குறிக்கும். அதே ஒலி வரிசைக்கு வேறு பயோஸில் வேறு பொருள் இருக்கலாம். ஆகவே பொது அட்டவணை ஒன்றை அச்சிடாமல், தாய்ப்பலகையின் கையேட்டைப் பார்க்கச் சொல்வதே நேர்மை. அந்த ஒலிக்கு ‘கீச்சொலி’, ‘கூவொலி’ என்றெல்லாம் தேட வேண்டாம். ‘பீப்’ போதும். காதில் விழுவதே அதுதானே.

மூன்றாவது, ‘பூட்’. இயங்குதளத்தை ஏற்றும் கட்டம். இதில்தான் எனக்கு வழக்கு இருக்கிறது. ‘பூட்’ என்பதன் வேர், தன் காலணியின் வாரைத் தானே பிடித்துத் தன்னை மேலே தூக்கிக்கொள்ளும் வேடிக்கைக் கற்பனை. சிறு நிரல் பெரிய நிரலை ஏற்றுகிறது, அது இயங்குதளத்தை ஏற்றுகிறது. ‘பூட்’டுக்கு வழங்கும் ‘துவக்கு’ என்பதில் இந்த மேலெழும் பொருள் இல்லை. போதாக்குறைக்கு ஈழத் தமிழில் துவக்கு என்றால் துப்பாக்கி. ‘எழு’, ‘எழுப்பு’ என்று கொள்ளலாமே. எழுப்பு வட்டு (பூட் டிஸ்க்), எழுப்பு வரிசை (எந்த வட்டில் முதலில் தேடுவது என்ற பூட் ஆர்டர்), எழுப்பி (பூட்லோடர்), மீளெழுப்பு (ரீபூட்) என எல்லாம் ஒரே வேரில் கிளைக்கின்றன. பெயர்ச்சொல்லுக்கு மட்டும் ‘எழுகை’ என்போம். ‘எழவு’ என்று யாரும் எழுதிவிடக் கூடாது, கணினி உண்மையிலேயே போய்விட்டதாக நினைப்பார்கள்.

> எழுப்புதல் என்றால் உறக்கநிலையிலிருந்து எழுப்புவது என்று ஆகிவிடாதா?

இப்படி ஒருவர் கேட்டிருந்தார். நல்ல ஆட்சேபம். உறக்கநிலையிலிருந்து வருவதை ‘விழித்தல்’ என்று வைத்துக்கொள்ளலாம். விழிக்கும் கணினியின் நினைவகத்தில் வேலை அப்படியே இருக்கிறது. எழும் கணினி வெறும் நினைவகத்திலிருந்து புறப்படுகிறது. இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால்தான் தவறு.

இந்தப் பிரிப்பு கையேட்டில் எங்கே உதவும் என்று கேட்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. தாய்ப்பலகையில் இருக்கும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பொத்தான் மின்கலம் தீர்ந்துபோகிறது. மின் இணைப்பைத் துண்டித்ததும் பயோஸ் அமைப்புகள் அழிந்து, தேதி பல ஆண்டுகள் பின்னே போகிறது, எழுப்பு வரிசை மாறுகிறது. மின்சாரம் சரி, தற்சோதனை சரி, வன்தட்டும் சரி. ஆனால் பயோஸ் வேறு வட்டில் தேடிவிட்டு ‘இயங்குதளம் இல்லை’ என்கிறது. ‘தொடங்கவில்லை’ என்று மட்டும் எழுதியிருந்தால் வாசகர் நினைவகத்தைக் கழற்றி அழிப்பானால் தேய்த்துக்கொண்டிருப்பார். ‘தற்சோதனை முடிந்தது, எழவில்லை’ என்றிருந்தால் நேரே எழுப்பு வரிசையைப் பார்ப்பார், பிறகு மின்கலத்தை மாற்றுவார்.

வன்தட்டின் முதல் 512 பைட்டுகளுக்கு (எழுப்பும் சிறு நிரல் இருக்கும் ‘பூட் செக்டர்’) ‘எழுப்புப் பிரிவு’ என்று என் திருத்தத்தில் போட்டிருக்கிறேன். ‘பிரிவு’ என்பதை வட்டுப் பகுப்புக்கும் பயன்படுத்துகிறோம் என்பதால் இரண்டும் முட்டும். ‘எழுப்புக் கூறு’ என்றால் சரியாக இருக்குமா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.