பக்கத்து வீட்டு நாய் கடித்துவிட்டது, புகார் கொடுப்பது எப்படி?

வணக்கம். சென்னையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில், சங்கிலி போடாமல் விட்டிருந்த பக்கத்து வீட்டு நாய் அம்மாவின் காலைக் கடித்துவிட்டது. காயத்தை உடனே சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவினோம். ரேபிஸ் தடுப்பூசியும் ஆரம்பித்தாச்சு. ஆனால் நாயின் தடுப்பூசி அட்டையையும் மாநகராட்சி உரிமத்தையும் கேட்டால் காட்ட மறுக்கிறார்கள்.

பாரதிய நியாய சன்ஹிதா (ஐபிசிக்குப் பதிலாக வந்த குற்றவியல் சட்டம்) 291வது பிரிவுப்படி, வளர்க்கும் விலங்கை அஜாக்கிரதையாக விட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தப் பிரிவில் யாராவது புகார் கொடுத்திருக்கிறீர்களா? எஃப்ஐஆர் போட்டார்களா, சிஎஸ்ஆர் (புகாரைப் பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் ரசீது) மட்டும்தானா? மருத்துவச் செலவுக்குத் தனியாக சிவில் வழக்கு போடணுமா?

நாயின் மேல் எங்களுக்குக் கோபமே இல்லை, அதை எங்கேயும் கொண்டுபோய் விடவும் வேண்டாம். வளர்ப்பவர்கள் பொறுப்போடு இருக்கணும், அவ்வளவுதான். வழக்கறிஞர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.