டிரம் சுத்தல, தண்ணி இறங்கல: போர்டு மேல பழி விழுந்த வாஷிங் மெஷின்கள்

(ஒவ்வொரு பதிவுக்கும் மேல இருக்கிறது எழுதினவரோட புனைபெயர்.)

பெல்ட்புல்லி

முன்கதவு மெஷின். தண்ணி எடுக்குது, டிரம் அசையவே இல்ல, கொஞ்ச நேரத்துல எரர். "போர்டு போச்சு"ன்னு, அதாவது மெஷினை இயக்குற மின்னணு அட்டை போச்சுன்னு, தீர்ப்பு ஏற்கெனவே சொல்லியாச்சு. பிளக்கைப் பிடுங்கிப் பின்மூடியைக் கழட்டினா பெல்ட் இடத்துலதான் இருக்கு, கையால சுத்தினா டிரம் சுளுவா சுத்துது. மோட்டாருக்குள்ள மின்சாரம் கடத்துற கார்பன் பிரஷ் ரெண்டுக்கும் நடுவுல மீட்டர் வெச்சா ஓபன், அதாவது மின்பாதை அறுந்திருக்கு. ஹோல்டரை வெளிய எடுத்ததும் தெரிஞ்சுபோச்சு: ஒரு பக்கம் கார்பன் அரை சென்டிமீட்டர்கூட இல்ல, மோட்டார் தண்டோட சுத்துற செப்புப் பட்டை உருளையை, அதாவது கம்யூட்டேட்டரைத் தொடாம நிக்குது. இன்னொண்ணுல பாதி மிச்சம். இருந்தாலும் ரெண்டையும் சேர்த்துத்தான் மாத்தணும். முனை சாய்வா இருந்தா பழையது சாய்ஞ்ச பக்கமே புதுசும் சாயணும். கம்யூட்டேட்டர்ல ஒரு செப்புப் பட்டை தூக்கிட்டு நின்னா புது பிரஷ்ஷையும் அரைச்சுடும், அப்போ மோட்டாரையே மாத்த வேண்டியதுதான். இத்தனூண்டு கார்பனுக்காக நல்ல போர்டு ஒண்ணு குப்பைக்குப் போயிருக்கும். மனசு ஆறவே இல்ல.

ஓம்மீட்டர்

அது பிரஷ் மோட்டாருக்கு மட்டும் பொருந்தும், எல்லாருக்கும் பொதுவா சொல்லாதீங்க. இன்வெர்ட்டர் மெஷின்ல பிரஷ்ஷே கிடையாது. அங்க மோட்டாரோட மூணு வயரையும் ஜோடி ஜோடியா அளந்தா மூணு தடவையும் ஒரே ஓம் வரணும்.

மேல்கதவு மெஷின் கதையே வேற. துணி இல்லாம ஓடும், தண்ணியும் துணியும் ஏறினதும் 'ம்ம்'னு முனகி நின்னுடும். அந்த முனகலைக் கேட்டாலே, மோட்டார் கிளம்ப உதவுற கெபாசிட்டரை அளந்துடணும். மேல அச்சிட்டிருந்தது 10 மைக்ரோபாரட், மீட்டர் காட்டினது 6. தொடறதுக்கு முன்னாடி உள்ள இருக்கிற சார்ஜை ரெசிஸ்டர் வெச்சு இறக்குங்க, ஸ்குரூடிரைவரால ஷார்ட் பண்ணாதீங்க. புதுசுக்கு மைக்ரோபாரட் அதேதான். வோல்ட் அதே அளவு, இல்லன்னா கூட இருக்கலாம், குறையக் கூடாது.

வடிகுழாய்

தண்ணீர் இறங்காத மெஷின் ஒன்று. பில்டரைத் திறந்தால் பளிச்சென்று இருந்தது. அதனாலேயே பம்பு செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். டார்ச் அடித்துப் பில்டர் குழிக்குள் பார்த்தபோது, பம்பு இறக்கையின் அடியில் உள்ளாடைக் கம்பி ஒன்று வளைந்து கிடந்தது. மூக்குக் குறடால் இழுத்ததும் வந்துவிட்டது.

திறப்பவர்கள் கவனிக்க: பிளக்கைப் பிடுங்குங்கள், குழாயை மூடுங்கள். சூடான தண்ணீர் என்றால் ஆறவிடுங்கள். பக்கத்தில் சின்ன ரப்பர் குழாய் இருந்தால் முதலில் அதன் வழியே வடியுங்கள், இல்லையென்றால் தட்டையான தட்டை வைத்துப் பில்டரைக் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். முழுதாகத் திறந்தால் டிரம்மில் இருக்கிற அத்தனையும் தரையில்தான். இறக்கையை விரலால் சுற்றும்போது தட்டித் தட்டி நகர்ந்தால் அது பழுது அல்ல. உள்ளே காந்தம் இருப்பதால் அப்படித்தான் நகரும். தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றினால்தான் சந்தேகப்பட வேண்டும். பம்பு காயில் பெரும்பாலும் 150 ஓம் அக்கம்பக்கம் காட்டும், ஓபன் என்றால் மாற்றுங்கள்.

இன்னொன்று. வடிகுழாயின் முனை தரையோடு கிடந்தால் தண்ணீர் ஏற ஏறத் தானாகவே வெளியேறிக்கொண்டிருக்கும், மெஷின் நிரம்பவே நிரம்பாது. வளைவு ஏறக்குறைய 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கட்டும். குழாயை வடிகால் பைப்புக்குள் காற்றுப் புகாதபடி அடைத்து வைத்தாலும் இதே தொல்லைதான்.

ஹீட்டர்காயில்

பச்சைத் தண்ணியில சரியா ஓடும், சூடு வெச்சா மட்டும் டிரிப்பர் (மின்கசிவு வந்தா கரண்ட்டை வெட்டுற சுவிட்ச்) விழும். இதுக்கும் போர்டைத்தான் சொன்னாங்க. ஹீட்டரை அளந்தா 26 ஓம், 230 வோல்ட்ல 2000 வாட் ஹீட்டருக்கு அது சரியான அளவுதான். ஆனா மின்கசிவு ஹீட்டர் உறைக்கும் உள்ளே இருக்கிற காயிலுக்கும் நடுவுல. சாதா மீட்டர் அதைப் பல நேரம் காட்டாது, இன்சுலேஷனைச் சோதிக்கிற மெகர் மீட்டர் வெச்சாத்தான் தெரியும். மெகர் இல்லையா? பிளக்கைப் பிடுங்கி, ஹீட்டர் வயர் ரெண்டையும் கழட்டி, முனைகளை டேப் சுத்தி ஒதுக்கிட்டு அதே சூடு புரோகிராமை ஓட்டுங்க. டிரிப்பர் விழாம, தண்ணி சூடாகலன்னு எரர் மட்டும் வந்தா ஹீட்டர்தான் குற்றவாளி.

டிரையாக்

எல்லாரும் போர்டுக்கு வக்காலத்து வாங்குறீங்க, போர்டும் போகும். ஒரு மெஷின்ல, போர்டுல சுவிட்ச் மாதிரி வேலை செய்யுற டிரையாக் பக்கத்துல கருகின வட்டம் கண்ணுக்கே தெரிஞ்சுது. புது போர்டு போட்டாங்க, அதுவும் அதே இடத்துல கருகுச்சு. மெஷினுக்குள்ள தண்ணி விடுற இன்லெட் வால்வ் காயில்ல தண்ணி இறங்கி ஷார்ட். நல்ல காயில் ஏறக்குறைய 4 கிலோஓம் காட்டும், அதுல சில நூறு ஓம்தான். கருகின டிரையாக் எதுக்கு மின்சாரம் கொடுக்குதுன்னு போர்டு தடத்தைப் பின்தொடர்ந்து பாருங்க. வால்வா, பம்பா, டோர் லாக்கா, அந்தச் சாமானை அளந்து பார்க்காம புது போர்டுக்குப் பவர் கொடுக்காதீங்க.

பெல்ட்புல்லி

டிரையாக் சொல்றது நியாயம். அந்த வால்வ்ல தண்ணி எப்படி இறங்குச்சு? சோப்பு டிராயர் ஒழுகலா, ஹோஸ் வாஷரா? அதை விட்டுட்டா மூணாவது போர்டும் போகும்.