பிறந்த ஆண் குழந்தைக்கு முன்தோல் நீக்கம்: ஒப்புதல் தாளில் கையெழுத்திடலாமா?

கேள்வி

நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். அடுத்த மாதம் எங்களுக்கு மகன் பிறக்கவிருக்கிறான். பிரசவத்துக்குப் பதிவு செய்தபோது மருத்துவமனையில் கொடுத்த தாள்களில், குழந்தைக்கு முன்தோல் நீக்க, அதாவது ஆணுறுப்பின் நுனியை மூடியிருக்கும் தோலை வெட்டி எடுக்க, ஒப்புதல் கேட்கும் தாளும் இருந்தது. தடுப்பூசித் தாளுக்கு அடுத்ததாக இருந்ததால், இதுவும் எல்லாக் குழந்தைகளுக்கும் அவசியமானது என்று நினைத்துக் கையெழுத்திடப் போய்விட்டேன். எங்கள் இரு குடும்பங்களிலும் இந்த வழக்கம் இல்லை. “இங்கே படிக்கப்போகிறவன், மற்றப் பையன்களைப் போலவே இருக்கட்டும்” என்கிறார் என் கணவர். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவோ, “நன்றாக இருக்கிற உடம்பில் எதற்குக் கத்தி வைக்க வேண்டும்?” என்று கேட்கிறார். மாற்றவே முடியாத ஒன்றை அவன் சார்பில் முடிவு செய்ய எங்களுக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது?

பதில் 1

நான் குழந்தைகள் நல மருத்துவர். பிறந்த குழந்தையின் முன்தோல் உள்ளே ஒட்டியிருப்பது இயல்பு. வளர வளரத் தானாகவே பிரியும், அதை இழுத்துப் பார்க்கக் கூடாது. இந்தச் சிகிச்சையால் பயன் உண்டு என்பதை மறுக்க மாட்டேன். முதல் ஆண்டில் சிறுநீர்த் தொற்று குறைகிறது. ஆனால் அத்தொற்று நூற்றில் ஏறக்குறைய ஒரு குழந்தைக்குத்தான் வரும், மருந்தில் குணமாகும். எச்.ஐ.வி. தொற்றும் ஏறக்குறைய 60 சதவீதம் குறைகிறது என்று தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா ஆய்வுகள் காட்டியதால், 2007இல் உலக சுகாதார நிறுவனம் அந்நோய் மிகுந்த நாடுகளுக்கு இதைப் பரிந்துரைத்தது. அந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்களோ, விவரம் கேட்டுத் தாமே சம்மதித்த வளர்ந்த ஆண்கள்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு 2012இல், பயன்கள் அபாயங்களைவிட அதிகம் என்று சொல்லிக்கொண்டே, எல்லாக் குழந்தைகளுக்கும் பரிந்துரைக்கும் அளவுக்கு அவை இல்லை என்று முடிவைப் பெற்றோரிடம் விட்டது. கனடாவின் அமைப்பு 2015இல் வழக்கமாகச் செய்வதைப் பரிந்துரைக்கவில்லை. உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள்: 2010இல் அமெரிக்க மருத்துவமனைகளில் பிறந்த ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ 58 சதவீதத்தினருக்கே இது செய்யப்பட்டது. வகுப்பில் அவன் தனியாளாக நிற்கப் போவதில்லை. நோய் இல்லாதபோது, அவன் வளர்ந்து தானே தீர்மானிக்கும்வரை காத்திருக்கலாம் என்பதே என் கருத்து. செய்வதென்று முடிவெடுத்தால், மரத்துப்போகும் ஊசி போடுவார்களா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் வைப்பது மட்டும் போதாது.

பதில் 2

சகோதரி, எங்கள் வீடுகளில் இது சுன்னத். எனக்கு ஏழு வயதில் ஊர் ஒஸ்தா (சுன்னத் செய்துவைக்கும் நாவிதர்) செய்துவைத்தார். புண்ணில் துணி படாமலிருக்க, போர்வையை உத்தரத்திலிருந்து கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தது இன்றும் நினைவிருக்கிறது. அந்த வலியை நினைத்தே என் மகனுக்கு அறுவை மருத்துவரிடம் செய்தேன். செய்யாமல் விடுவது பற்றி யோசிக்கவில்லை. 2012இல் ஜெர்மனியின் கொலோன் நகர நீதிமன்றம் இதை உடற்காயம் என்று தீர்ப்பளித்தபோது, நீங்கள் இந்த நாட்டுக்காரர் இல்லை என்று சொன்னதாகவே அங்குள்ள யூதர்களும் முஸ்லிம்களும் உணர்ந்தார்கள். அவ்வாண்டு டிசம்பரிலேயே ஜெர்மனி நாடாளுமன்றம் அதை அனுமதித்துச் சட்டம் இயற்றியது. எனக்கு இது மார்க்கக் கடமை. உங்களுக்கு அந்தக் காரணமும் இல்லை, நோயும் இல்லை. பிறகு எதற்காக?

கேட்டவர்

இரண்டு பதில்களையும் கணவரிடம் படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாமலிருந்துவிட்டு, அந்தத் தாளில் ‘வேண்டாம்’ என்ற கட்டத்தில் அவரே குறியிட்டார்.