கணுக்கால் பட்டை கட்டினால் தசை சோம்பிவிடுமா?

மடிப்பாக்கம் மைனா:
நம் குழுவின் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கான அறிவிப்பின் கீழே பரங்கிமலைப் படி ஐயா எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. "பட்டை கட்டிக்கொண்டு கரடுமுரடான பாதையில் ஓடுபவர்கள் தங்கள் தசையைத் தாங்களே சோம்பேறியாக்குகிறார்கள். மூன்று மாதம் கட்டினால் கணுக்கால் நிரந்தரமாகப் பலவீனமாகிவிடும்." இவை அவருடைய சொற்கள். இதைப் படித்துவிட்டு நேற்று இரண்டு பெண்கள் என்னிடம் பட்டையைக் கழற்றி எறிந்துவிடலாமா என்று கேட்டார்கள். இருவருமே ஏற்கெனவே கால் பிசகியவர்கள்.

நான் இடது காலை மூன்று முறை புரட்டிக்கொண்டவள். மூன்றாம் முறை திருநீர்மலைப் படிகளில் இறங்கும்போது. அதன்பின் நான்கு ஆண்டுகளாக மேடுபள்ளமான பாதை என்றால் பட்டை இல்லாமல் நான் இறங்குவதில்லை. கால் பலவீனமாகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இடது காலில் மட்டும் முக்கால் நிமிடம் நிற்கிறேன். ஐயாவிடம் ஒரே கேள்வி: அந்த மூன்று மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது?

பரங்கிமலைப் படி:
பத்தொன்பது ஆண்டுகளாக ஓடுகிறேன். பரங்கிமலைப் படிகளில் எத்தனை முறை ஏறி இறங்கினேன் என்ற எண்ணிக்கையே என்னிடம் இல்லை. ஒருநாளும் பட்டை கட்டியதில்லை. மாவுக்கட்டுப் போட்டு ஆறு வாரம் கழித்துப் பிரித்த கையைப் பார்த்திருக்கிறீர்களா அம்மா? சூம்பிப்போயிருக்கும். வேலை கொடுக்காத தசை சோம்பும். இதற்கு ஆதாரம் வேறு வேண்டுமா?

மடிப்பாக்கம் மைனா:
மாவுக்கட்டு இரவும் பகலும் மூட்டை அசையவிடாமல் பூட்டிவைக்கிறது. நான் பட்டை கட்டுவது வாரத்தில் இரண்டு நாள், ஒன்றரை மணி நேரம். அப்போதும் பாதம் மேலும் கீழும் தாராளமாக அசைகிறது. உள்பக்கமாக மடங்குவதை மட்டும்தான் பட்டை தடுக்கிறது. பிசகும் கால் பெரும்பாலும் உள்பக்கமாகத்தான் மடங்கும். அப்போது வெளிப்பக்கத் தசைநார் இழுபட்டுக் கிழியும். மூன்று மாதக் கணக்குக்கு இன்னும் பதில் வரவில்லை.

முன்னாள் கபடி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இருவரும் எந்தப் பட்டையைப் பற்றிப் பேசுகிறீர்கள்? மருந்துக்கடையில் விற்கும், காலுறை போல இழுத்து மாட்டும் எலாஸ்டிக்கா? கயிறு கட்டி இறுக்கும் பிரேஸா? ஒட்டும் டேப்பா? மூன்றும் ஒன்றல்ல. எலாஸ்டிக் காலைத் தாங்குவதே குறைவு. டேப் ஓடத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே தளர்ந்துவிடும். எது என்று சொல்லிவிட்டுச் சண்டை போட்டால் எங்களுக்கும் புரியும்.

பரங்கிமலைப் படி:
எந்தப் பட்டையானாலும் பட்டை பட்டைதான். தசை சோம்பும்.

கொட்டிவாக்கம் நண்டு:
படி ஐயா சொல்வதே சரி. பல்லாவரத்துக் கல்குவாரிகளில் கல் உடைத்தவர்கள் எந்தப் பட்டை கட்டினார்கள்? வெறுங்காலோடு ஜல்லியில் நடந்தார்கள். பெசன்ட் நகர் கடற்கரை மணலில் தினமும் இருபது நிமிடம் வெறுங்காலோடு ஓடுங்கள். கணுக்கால் தானாக உருக்குப்போல் ஆகிவிடும்.

மடிப்பாக்கம் மைனா:
நண்டு அவர்களே, அந்தக் குவாரித் தொழிலாளர்களில் எத்தனை பேர் கால் ஊனமாகி வேலையை விட்டார்கள் என்று யார் கணக்கெடுத்தார்கள்? கால் உடைந்தவர்கள் வீட்டோடு முடங்கிவிட்டார்கள், நடந்தவர்கள் மட்டும் நம் கண்ணில் பட்டார்கள். அவர்களுடைய வறுமையை நம் உடற்பயிற்சிக்கு உதாரணமாக்காதீர்கள், எனக்குக் கோபம் வருகிறது. மணல் ஓட்டம் நல்லதுதான், நானும் ஓடுகிறேன். ஆனால் அலையோர மணல் கடல் பக்கமாகச் சரிந்திருக்கும். ஒரே திசையில் ஓடினால் ஒரு கால் எப்போதும் தாழ்விலேயே விழும். பிசகிய காலோடு அதில் இறங்கச் சொல்வது பொறுப்பான பேச்சல்ல.

இப்போது ஆதாரத்துக்கு வருகிறேன். 2014-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், அண்மையில் கால் பிசகிய 384 விளையாட்டுக்காரர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். எட்டு வாரம் சமநிலைப் பயிற்சி மட்டும் செய்த குழுவில் ஓராண்டுக்குள் 27 சதவீதம் பேருக்கு மீண்டும் பிசகியது. விளையாடும்போது பிரேஸ் மட்டும் கட்டிய குழுவில் 15 சதவீதம். ஓராண்டு முழுக்கக் கட்டினார்கள் ஐயா, மூன்று மாதமல்ல. உங்கள் கணக்குப்படி அவர்கள் எல்லோரும் நொண்டியாகியிருக்க வேண்டும்.

பரங்கிமலைப் படி:
அந்த ஆய்வில் தசை சோம்பியதா என்று அளந்தார்களா? மீண்டும் பிசகியதா என்று மட்டும்தானே பார்த்தார்கள்? கட்டிவைத்த கால் எப்படிப் பிசகும்? கழற்றிய மறுநாள் என்ன ஆனது என்று சொல்லுங்கள்.

மடிப்பாக்கம் மைனா:
பிசகாமல் இருப்பதற்காகத்தானே கட்டுகிறோம்! பிசகவில்லை என்பதையே குறையாகச் சொல்லும் ஒருவரிடம் நான் வேறு என்ன சொல்ல முடியும்? 2011-இல் அமெரிக்கப் பள்ளிகளில் 1460 கூடைப்பந்து வீரர்களிடம் செய்த சோதனையிலும் பிரேஸ் கட்டியவர்களுக்குக் கணுக்கால் காயம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது.

பரங்கிமலைப் படி:
கூடைப்பந்து மரத்தளத்தில் ஆடுவது. நாம் ஓடுவது பாறையில். அதே சோதனையில், அடிபட்டவர்களுக்குக் காயத்தின் கடுமை குறையவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நானும் படிப்பவன்தான்.

மடிப்பாக்கம் மைனா:
கடுமை குறையவில்லை, உண்மை. எண்ணிக்கை குறைந்தது. அதுவும் உண்மை. சோம்பல் எங்கே?

குரோம்பேட்டை புதியவன்:
அக்கா, அண்ணா, வணக்கம். எனக்கு ஐந்து வாரத்துக்கு முன் வலது கால் பிசகியது. வீக்கம் வடிந்துவிட்டது. படி இறங்கும்போது மட்டும் லேசாக வலி. இந்த ஞாயிறு வரலாமா? பாட்டி தினமும் புளியும் உப்பும் காய்ச்சிப் பற்றுப் போடுகிறார். பக்கத்து வீட்டுக்காரர் புத்தூர் கட்டுப் போடச் சொல்கிறார்.

கொட்டிவாக்கம் நண்டு:
புத்தூர் போய்விட்டு வாருங்கள் தம்பி. என் மாமாவுக்கு முழங்கை சரியானது அங்கேதான்.

முன்னாள் கபடி:
தம்பி, பிசகிய அன்று உன்னால் நான்கு அடி எடுத்துவைக்க முடிந்ததா? கணுக்கால் முட்டி எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் உயிர் போகும் வலி இருந்ததா? நடக்க முடியாமலோ எலும்பில் வலியோ இருந்தால் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். 1992-இல் கனடாவின் ஒட்டாவாவில் வகுத்த விதி இது. எலும்பு முறிந்ததா என்று தெரியாமல் எந்தக் கட்டும் போடாதே, யாரையும் எண்ணெய் விட்டு நீவவும் விடாதே.

கொட்டிவாக்கம் நண்டு:
ஒட்டாவாக்காரன் சொன்னால் விதி, புத்தூர்க்காரன் சொன்னால் மூடநம்பிக்கை. நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்ததைப் பழிப்பதில் உங்களுக்கு என்ன மகிழ்ச்சி?

முன்னாள் கபடி:
பழிக்கவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுப் போ என்றுதான் சொன்னேன். மும்பை மாட்டுங்காவில் கபடி ஆடிய காலத்தில் நீவிவிட்டே வீங்கிப்போன கால் என்னுடையது. எனக்குத் தெரியாமல் சொல்லவில்லை.

பரங்கிமலைப் படி:
தம்பி, நீங்கள் தாராளமாக வாருங்கள். ஆனால் பட்டை கட்டாதீர்கள். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள். பாதத்தின் வெளி விளிம்பை வெளிப்பக்கமாக உயர்த்தும் பயிற்சி செய்யுங்கள். கெண்டைக்கு வெளிப்புறம் ஓடும் தசைதான் கால் உள்ளே மடங்காமல் இழுத்துப் பிடிப்பது. அதைச் சோம்பவிடாதீர்கள்.

மடிப்பாக்கம் மைனா:
தம்பி, பயிற்சி பற்றி அவர் சொன்னதை அப்படியே செய்யுங்கள், அதில் எனக்கு மாறுபாடு இல்லை. படி இறங்கும்போதே வலித்தால் ஞாயிறு வராதீர்கள். வலி போனபின் வரும்போது முதல் சில மாதங்களுக்குப் பிரேஸ் கட்டுங்கள். அடிப்பாகம் தடித்து மெத்தென்றிருக்கும் காலணி வேண்டாம். பாதம் தரையிலிருந்து உயர உயரக் கால் மடங்குவது எளிதாகும்.

படி ஐயாவுக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். சென்ற ஆண்டு நாகலாபுரம் ஓடையில் பாசிப் பாறை வழுக்கி உங்கள் கால் புரண்டதே, அப்போது யாருடைய பையிலிருந்த பட்டையைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கினீர்கள்?

பரங்கிமலைப் படி:
அது நடப்பதற்காகக் கட்டியது. ஓடுவதற்காக அல்ல. அடிபட்ட காலுக்குக் கட்டுவது வேறு, நல்ல காலுக்குக் கட்டுவது வேறு. இந்த வித்தியாசம் கூடத் தெரியாமல் பழங்கதையை இழுக்கிறீர்கள்.

மடிப்பாக்கம் மைனா:
அந்த வித்தியாசத்தை நீங்கள் அறிவிப்பின் கீழே எழுதியிருந்தால் இந்த விவாதமே இல்லை. "பட்டை கட்டுபவர்கள்" என்று எல்லோரையும் சேர்த்து எழுதினீர்கள். அந்தப் பட்டையை இன்னும் திருப்பித் தரவும் இல்லை.

பரங்கிமலைப் படி:
திருப்பித் தர மூன்று முறை கொண்டுவந்தேன். நீங்கள்தான் நன்மங்கலம் ஓட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டீர்கள்.

மடிப்பாக்கம் மைனா:
நன்மங்கலத்துக்கு ஏன் வருவதில்லை என்று நான் அப்போதே சொன்னேன். அது காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் விடியற்காலையில் நாற்பது பேரைப் பழைய குவாரிப் பக்கம் கூட்டிச் சென்றீர்கள். அங்கே கொம்பன் ஆந்தைகள் வாழ்கின்றன. நம் காலுக்குப் பயிற்சி வேண்டும் என்பதற்காக அவற்றின் கூட்டை மிதிப்பதா?

கொட்டிவாக்கம் நண்டு:
ஓரப் பாதையில்தான் ஓடினோம். நானும் வந்தேன். ஆந்தையை யாரும் தொந்தரவு செய்யவில்லை. இப்படி ஒவ்வொன்றுக்கும் குற்றம் கண்டுபிடித்தால் சென்னையில் தார்ச்சாலையைத் தவிர வேறெங்கும் ஓட முடியாது.

முன்னாள் கபடி:
நான் கேட்டது இன்னும் அப்படியே நிற்கிறது. எலாஸ்டிக்கா, பிரேஸா?

பரங்கிமலைப் படி:
நன்மங்கலத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் தனி இழை தொடங்குங்கள், பதில் சொல்கிறேன். யார் யார் அனுமதி வாங்கி எங்கெங்கே ஓடினார்கள் என்ற பட்டியலும் என்னிடம் இருக்கிறது. இங்கே பேசுவது தசையைப் பற்றி. வேலை கொடுக்காத தசை சோம்பும். பத்தொன்பது ஆண்டு அனுபவத்தில் சொல்கிறேன்.

மடிப்பாக்கம் மைனா:
பத்தொன்பது ஆண்டுகளில் நாகலாபுரத்துக்கு முன் ஒருமுறைகூடக் கால் பிசகாதவர் நீங்கள். அது உங்கள் கொடுப்பினை. மூன்று முறை தசைநார் கிழிந்தவளுக்கு உங்கள் அனுபவம் எப்படிப் பொருந்தும்? அந்த இரண்டு பெண்களிடமும் பட்டையைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஞாயிறு காலை ஐந்தரைக்கு நான் பட்டையோடுதான் வருவேன். மூன்று மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதை அங்கே நேரில் கேட்பேன்.

பரங்கிமலைப் படி:
வாருங்கள். உங்கள் பட்டையையும் கொண்டுவருகிறேன். துவைத்துத்தான் வைத்திருக்கிறேன்.