ஐரோப்பாவில் ஊதியத்துடன் முனைவர் பட்ட ஆய்வு: நான் எங்கே தவறுகிறேன்?

கேள்வி (எம்.எஸ்சி. வேதியியல் மாணவி, மதுரை):
வணக்கம். வினையூக்கிகள் குறித்த எனது ஆய்வேட்டை வரும் மே மாதம் சமர்ப்பிக்கிறேன். கடந்த இரண்டு மாதங்களில் ஜெர்மனி, சுவீடன் பேராசிரியர்கள் 60 பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இருவர் மட்டுமே, அதுவும் இடமில்லை என்று, பதில் எழுதினார்கள். வீட்டில் இனிக் கடன் வாங்க வழியில்லை என்பதால் ஊதியமோ உதவித்தொகையோ இல்லாமல் என்னால் போக முடியாது. முகவர் ஒருவர் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில் (ஜெர்மனியில் நான்காம் ஆண்டு ஆய்வாளர்):
முகவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், சகோதரி. ஜெர்மனியில் முனைவர் பட்ட இடம் பெரும்பாலும் ஒரு வேலை. விளம்பரம் வரும், விண்ணப்பிக்க வேண்டும், நேர்காணலில் தேற வேண்டும், இதில் எவரும் வாங்கித் தருவதற்கு ஒன்றுமில்லை. பல்கலைக்கழகங்களில் பொதுவாக டி.வி.-எல் ஈ13 என்ற, மாநில அரசுப் பணியாளர்களுக்கான ஊதிய விகிதம். துறையைப் பொறுத்து 50, 65, 75 அல்லது 100 விழுக்காட்டுப் பணி என்று விளம்பரத்திலேயே இருக்கும். ஊதியமும் அந்த அளவுக்கே என்பதால் முதலில் அந்த எண்ணைப் பாருங்கள். ஐரோப்பிய ஆய்வுப் பணி விளம்பரங்கள் வரும் யூராக்ஸஸ் தளத்தையும், ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வுப் பள்ளிகளின் அறிவிப்புகளையும் வாரந்தோறும் பார்த்து வாருங்கள்.

நானும் முதலில் "தங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில் சேர விழைகிறேன்" என்றே எல்லோருக்கும் எழுதினேன். அந்த வரியை எவருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம் என்பதே அதன் குறை. பிறகு, ஜி.சி. (கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்தறியும் வாயு நிறப்பிரிகை) கருவியில் அனுபவம் கேட்ட ஒரு விளம்பரத்துக்கு, எங்கள் கருவி வரையும் வரைபடத்தின் அடிப்படைக் கோடு நகர்ந்துகொண்டே போனதையும் அதன் காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனதையும் நான்கு வரியில் எழுதினேன். நேர்காணலில் பாதி நேரம் அதைப் பற்றித்தான் கேட்டார்கள். 60 கடிதங்களுக்குப் பதிலாக இப்படி ஆறு கடிதங்கள் எழுதுங்கள்.

பதில் (சுவீடனில் முனைவர் பட்டம் முடித்தவர்):
சுவீடனில் முனைவர் பட்ட மாணவருக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. படிப்பு நான்கு ஆண்டு. கற்பித்தல் போன்ற துறைப் பணிகளுக்கு 20 விழுக்காடு வரை ஒதுக்கினால் ஐந்தாண்டு ஆகும். இறுதி நாள் தாண்டிய விண்ணப்பத்துக்கு இரக்கம் எதிர்பார்க்காதீர்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் நடக்கும் மேரி கியூரி முனைவர் வலையமைப்பு இடங்களையும் விடாதீர்கள். பணியில் சேருவதற்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல், பணி அமையும் நாட்டில் வசித்திருக்கக் கூடாது என்பது அதன் விதி. ஜெர்மனியிலேயே இரண்டாண்டு முதுநிலை படித்து முடித்த கையோடு அங்கே அந்த இடத்தைக் கேட்பவருக்கு அது தடை; மதுரையிலிருந்து விண்ணப்பிக்கும் உங்களுக்கோ எந்த நாட்டிலும் தடையில்லை.

கேட்டவர்:
மிக்க நன்றி, அண்ணா. மற்றவருக்கும் என் நன்றி. முகவருக்கு மறுத்துவிட்டேன். யூராக்ஸஸில் வினையூக்கி சார்ந்த ஓர் இடம் கண்டேன், இன்னும் 12 நாள் இருக்கிறது. பரிந்துரைப்பவர் இருவரின் பெயர் கேட்கிறார்கள். என் நெறியாளரிடம் கடிதத்தை இப்போதே வாங்க வேண்டுமா?

பதில் (ஜெர்மனியில் நான்காம் ஆண்டு ஆய்வாளர்):
பெயரும் நிறுவன மின்னஞ்சல் முகவரியும் மட்டும் கேட்டிருந்தால் அவையே போதும். தேவையெனில் அவர்களே நேரடியாக எழுதிக் கேட்பார்கள். ஆனால் பெயரைக் கொடுக்குமுன் நெறியாளரை நேரில் பார்த்து, விளம்பரத்தையும் உங்கள் கடிதத்தையும் அச்செடுத்துக் கையில் கொடுங்கள். எந்தச் சோதனையைக் குறித்து எழுதியிருக்கிறீர்கள் என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.